பிறைக் கணக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் இடிக்கிற அலவாங்கு விழ, இந்தப் பக்கம் ரபீகாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சுண்ணாம்பு உதிர்ந்தது. மிதந்த துகளை ஒரு விரலால் வழித்து வெள்ளைச் சேலையின் ஓரத்தில் துடைத்துவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். இந்த நான்கு மாதத்தில் அவள் வயிற்றுக்குள் போன சுண்ணாம்பில் ஓர் அறைக்கு வெள்ளையடித்திருக்கலாம். பழைய பள்ளிக்கூடம் வீடுகளாகிக்கொண்டிருந்தது. அதன் கீழ்த்தளத்து ஓரத்தில், காவலாளிக்கென்று விடப்பட்ட இரண்டு சின்ன அறைகளுக்குள், காவலாளியின் விதவையாக அவள் துக்கம் காத்து இத்தா இருந்தாள். இடிக்கிறவர்கள் முன்னாலும் பின்னாலும் தலைக்கு மேலேயும் இடித்தார்கள். அந்த இரண்டு அறைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடம் அது. கண்டி வாவியைக் கீழே பார்த்தபடி மேட்டில் நிற்கிறது. பிள்ளைகள் புதிய கட்டடத்துக்கு இறங்கிப்போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதன்பிறகு வௌவால்கள் குடியிருந்தன. இடையிடையே பெரிய மனிதர்கள் வந்து கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, ஆகா என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவழியாகக் குறைந்த வருமானக்காரருக்கு வீடு கட்டுவதென்று முடிவானது. பழமையான கட்டடம் என்பதால் வெளிச்சுவரிலும் ஜன்னல்களிலும் கைவைக்கக்கூடாது, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது நிபந்தனை. அதனால் ஒரு வகுப்பறை இரண்டு வீடானது. நடுவில் எழுப்பிய சுவர் சில இடங்களில் நேரே போய் ஜன்னலின் மேல் முட்டியது. ஜன்னலின் ஒரு கதவு ஒரு வீட்டுக் குசினிக்கு, மற்றக் கதவு பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு. எல்லாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிக் கட்டுகிறார்கள் என்று ஸெய்னுலாப்தீன் சொல்லிச் சிரித்தார்.

ஸெய்னுலாப்தீன்தான் காவலாளி. கல்யாணம் முடித்த கையோடு ரபீகாவை இந்த இரண்டு அறைகளுக்குக் கூட்டிவந்தவர். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் மூடிய பிறகும் சாவிக்கொத்தோடு அவரை அங்கேயே விட்டுவைத்தார்கள். வீடமைப்புக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி, மேல் மாடியில் கிழக்குப் பக்கத்துக் கடைசி வீடு உங்களுக்குத்தான் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெறும் வாய்ப்பேச்சுமில்லை, ரபீகாவின் பெயருக்குக் கந்தோரிலும் பதிந்தாகிவிட்டது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரம் பார்த்து, அவர் ரபீகாவை மாடிக்குக் கூட்டிப்போனார். தரையில் சோக்குக் கட்டியால் கோடுகள்தான் இருந்தன. அவர் கோட்டைத் தாண்டாமல், கதவு வரப்போகும் இடத்தால் சுற்றிவந்து உள்ளே நுழைந்தார். அவளையும் அப்படியே வரச் சொன்னார். ரபீகா குசினிக்குள் நின்றுகொண்டு அடுப்பு எங்கே வைப்பது என்று கேட்டாள். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, புகை வெளியே போய்விடும் என்றார். சொந்தமென்று சொல்ல ஒரு சுவர்கூட இல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு பேரும். அந்தச் சோக்குக் கோட்டுக்குள் நின்றபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

மார்கழியில் ஒரு பின்னேரம் வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தவர், நெஞ்சு இறுக்குகிறது என்று கதிரையில் உட்கார்ந்தார். வானொலியில் ரஜப் மாதத் தலைப்பிறை தென்பட்டதாக அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்கள். ஓட்டோ மேடேறி வருவதற்குள் மவுத்தாகிவிட்டார்.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அவனோடு வாழ்ந்த வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும். அதுதான் இத்தா. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, நகை கூடாது, வாசனை கூடாது. அவசியமென்றால் பகலில் வெளியே போகலாம், மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று மௌலவி சொன்னார். ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் மௌலவியைவிடக் கறாராக இருந்தார்கள். முகம் மட்டுமல்ல, குரலும் வெளியே கேட்கக்கூடாது என்றார்கள். ரபீகா பெண்களின் சட்டத்தையே எடுத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல என்பது அவளுக்கும் படைத்தவனுக்கும் தெரியும்.

மாடிக்கு ஏறும் புதிய படிக்கட்டு அந்த இரண்டு அறைகள் இருக்கும் இடத்தில்தான் வர வேண்டும். முதலில் இடித்திருக்க வேண்டியதே அவைதான். வேலையை மேற்பார்க்கும் மோகனராஜ் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், கதிர்காமக் கந்தனைத் தவிர வேறொன்றுக்கும் பயப்படாதவன். இத்தா என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டவுடன், ஆட்களைவிட்டு அவளுடைய வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் இரண்டு பக்கமும் தகரம் அடித்து மறைத்துக் கொடுத்தான். முற்றத்தால் மண் லொறி வருமுன், "அக்கா, ஆளுங்க வர்றாங்க" என்று தூரத்திலிருந்தே சத்தம் கொடுப்பான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் லொறி நகரும். ஒருநாள் கொந்தராத்துக்காரர் வந்து முற்றத்தில் நின்று கத்தினார். ஒரு பொம்பளைக்காக மாடிப்படியே நிற்கிறதா என்று கேட்டார். "நிக்குதுங்க சேர்" என்றான் மோகனராஜ். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் பெயரவில்லை.

முப்பது வருடமாக ரபீகா மற்றவர்களுக்கு வழிவிட்டுத்தான் பழக்கம். பள்ளிக்கூட அதிபர் வந்தால் ஒதுங்குவாள், இன்ஸ்பெக்டர் வந்தால் உள்ளே போவாள், பிள்ளைகளின் தாய்மார் குடையோடு வந்தால் சுவரோடு சுவராக நிற்பாள். இப்போது அவளுக்காக லொறி நிற்கிறது. இத்தனை ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். இத்தா இருக்கும்வரை எவரும் அவளை எழும்பு என்று சொல்ல முடியாது. புருஷனைப் பறிகொடுத்த இடத்தில் இருந்துகொண்டு இதில் ஒரு நிம்மதி காண்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் நினைத்துத் தொழுகைப் பாயிலேயே அழுதாள்.

அந்தத் தகர மறைப்புக்குள் சத்தம் கொடுக்காமல் வரக்கூடியவள் ஒருத்திதான். பரிமளம். வேலைத்தளத்தில் இடிந்த கல்லும் மண்ணும் சுமக்கிற ஒரே பெண். கார்த்திகையில் மலை சரிந்தபோது நாவலப்பிட்டிப் பக்கத்தில் அவளுடைய வீடு மண்ணோடு போய்விட்டது. கைக்கு ஒன்றாக இரண்டு பெண் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவள். புருஷன் கொழும்பில் வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடித்தனம் என்று கேள்வி. இப்போது கோயில் மண்டபத்தில், சேலையைக் கட்டி மறைத்த மூலையொன்றில் இருக்கிறாள். ரபீகாவுக்குக் கடைக்குப் போய்வருவது அவள்தான். நோன்பு மாதத்தில் ரபீகா காய்ச்சிய கஞ்சி ஒவ்வொரு பின்னேரமும் ஒரு தூக்குச் சட்டியில் கோயில் மண்டபத்துக்குப் போனது. பிள்ளைகள் சட்டியை வழித்து நக்கிவிட்டு நாளைக்கும் உண்டா என்று கேட்பதாகப் பரிமளம் சொல்வாள். நோன்பு முடிந்தும் ரபீகா கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வேலை திரும்பத் தொடங்கிய நாளில் பரிமளம் உள்ளே வந்து, வாங்கிவந்த காய்கறிகளை வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள்.

"என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி ஈக்கி?" என்றாள் ரபீகா. வெளியே கேட்காமல் பேசிப் பேசி அவளுடைய குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"ஒன்னுமில்லக்கா. ஒன்னு கேக்கணும். கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நீங்க திகனைக்கே போயிடறீங்களாமே. ஒங்க அண்ணன் வந்து மோகன் அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போனாராம். மேல ஒங்களுக்கு வச்சிருந்த வீடு வேணாம்னு." பரிமளம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்படின்னா அது எனக்குத்தான் வருமாம் அக்கா. மண்சரிவுல போனவங்களுக்குத்தான் அடுத்த எடமாம். கந்தோர் மாத்தயாவே சொன்னாராம்."

திகனையில் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா போன கிழமை வந்து அரிசியும் தேயிலையும் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது முற்றத்தில் மோகனராஜோடு நின்று கதைத்தது கேட்டது. சீமெந்து விலை பற்றியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

எனக்கு வீடு வேணும் புள்ள, யார் சொன்னது வேணாம் என்று? இந்த வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. அதற்குள் பரிமளம் தலையை நிமிர்த்தினாள். அவளுடைய முகத்தில் அவள் மறைக்கப் பார்த்தும் மறையாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"நேத்து மேல போய்ப் பாத்தேன் அக்கா. பூச்செல்லாம் முடிஞ்சிருச்சு. அடுப்பு எங்கன வச்சா நல்லாருக்கும்?"

ரபீகா முருங்கைக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெழக்கு ஜன்னலுக்குக் கீழ" என்றாள். "பொக வெளிய போய்டும்."

பரிமளம் சந்தோஷமாக எழுந்து போனாள். அன்றைக்கு ரபீகா காய்ச்சிய கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், இன்னும் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அடுப்பு வைக்க இடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

மஹ்ரூப் நானா கெட்ட மனிதரில்லை. ஊரில் கலவரம் வந்தபோது கடை எரிந்து, சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் திரும்பக் கட்டியவர். அதிலிருந்து அவருக்குத் தன்னைச் சேர்ந்த எவரும் தூரத்தில் தனியாக இருக்கக்கூடாது. பின்னேரமானால் எல்லாத் தலைகளையும் ஒரே கூரைக்கடியில் எண்ணிப் பார்த்தால்தான் நித்திரை. தங்கச்சிக்குப் பின்பக்கத்து அறையை ஒழித்து வைத்திருந்தார். அந்த அறையை ரபீகாவுக்குத் தெரியும். நானாவின் மனைவி மச்சியின் பழைய தையல் மெஷினும் பருப்பு மூட்டைகளும் இருந்த அறை. அங்கே போனால் அவள் பட்டினி கிடக்க மாட்டாள். காலையில் யாருக்கு முதலில் தேத்தண்ணி, மீனில் எந்தத் துண்டு யாருக்கு என்பதை மட்டும் சாகும்வரை இன்னொருத்தியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நல்லவர்கள் வீட்டில் ஒண்டுவதற்கு எதிராக வாயைத் திறந்து சொல்ல ஒரு குற்றமும் கிடைக்காது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இத்தா முடியும் நாளுக்கு நானாவின் வீட்டுக் கலண்டரில் மச்சி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள். ஜனாஸா வீட்டில் யாரோ நூற்று முப்பது நாள் என்று சொல்ல, அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மோகனராஜும் தன்னுடைய ஆட்களிடம் அந்தத் தேதியைத்தான் சொல்லியிருந்தான். புதன்கிழமை காலையில் அவருக்காகக் கத்தம் ஓதி, வான் வந்து சாமான்களை ஏற்றியதும் அறைகளை இடிப்பதாக ஏற்பாடு. ரபீகா கலண்டரை நம்பவில்லை. அவர் பிறை கண்ட அந்தி மஃரிபோடு மவுத்தானவர். ஆகவே அவளுடைய கணக்கு பிறைக் கணக்குத்தான். ரஜப், ஷஃபான், ரமழான், ஷவ்வால், அதற்கு மேல் பத்து நாள். ஒவ்வொரு மாத முடிவிலும் அவருடைய சின்ன வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு பிறை அறிவித்தலைக் கேட்டாள். முதல் இரண்டு மாதமும் முப்பது. ரமழான் இருபத்தொன்பதோடு முடிந்து, பெருநாள் ஒரு நாள் முந்திவிட்டதென்று தையல்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டது ஊருக்கே தெரியும். ஷவ்வாலும் இருபத்தொன்பதுதான். ஆக, கலண்டர் வட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை மஃரிபோடு இத்தா முடிகிறது.

நானாவுக்கும் பிறை தெரியும். அவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ரபீகாவும் எடுத்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மழை பெய்து விட்டிருந்தது. வேலையாட்கள் போன பிறகு வெந்நீர் வைத்துக் குளித்தாள். வெள்ளைச் சேலையைக் களைந்து மடித்துவிட்டு, அலுமாரியில் இருந்த ஊதாப்பூச் சேலையைக் கையில் எடுத்தாள், உடுக்கவில்லை. திரும்பவும் வெள்ளையையே சுற்றிக்கொண்டாள். இந்த இரண்டு நாளும் அவளுக்கு வேண்டும். அல்லாஹ்வுடைய கணக்கு முடிந்துவிட்டது, மனிதர்களுடைய கணக்கு முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவருக்கும் தெரியாத ஓர் இடைவெளி கிடைத்திருக்கிறது. அதற்குள் அந்த அறையில் அவர் உட்கார்ந்த இடம், தலை சாய்த்த இடம், சட்டை மாட்டிய ஆணி எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எவருடைய சொல்லுக்கும் கட்டுப்படாத இரண்டு நாள் அவளுடைய வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல் மஹ்ரூப் நானா கதவைத் தட்டினார். வீடமைப்பு அதிகாரி வருகிறார், இன்றைக்கே எல்லா வீட்டையும் உறுதிப்படுத்திவிட்டுப் போகப்போகிறாராம், மோகனராஜ் போனில் கோல் எடுத்தான் என்றார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"நானா," என்றாள் ரபீகா. "அந்த வீடு அவர் எனக்கெண்டு கேட்டு வாங்கினது."

"எனக்குத் தெரீம். அவர் ஈந்தா வேற கத. நீ தனிய இங்க என்னத்தச் செய்யப் போற? ராவைக்கு ஒரு வருத்தம் வந்தா ஆரு ஈக்கி?"

"எல்லா வீட்டிலயும் ஆக்கள் ஈப்பாங்க."

"ஆரெண்டு தெரியாத ஆக்கள்." அவர் குரலைத் தாழ்த்தினார். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "ஒன்ன விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது தங்கச்சி. இப்ப இதெல்லாம் பேசாத. இத்தாவில ஈக்கிற பொம்பள வீடு வாசல் பேசக்கூடா. நாளைக்கி முடியட்டும், பேசுவோம்."

நாளைக்குப் பேசி என்ன, இன்றைக்கே கொடுத்துவிடப் போகிறார்களே என்று அவள் சொல்வதற்குள் முற்றத்தில் வாகனச் சத்தம் கேட்டது. நானா கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

ரபீகா கதவில் காதை வைக்கத் தேவையில்லை. அந்தக் கதவில் பாதி ஓட்டைதான். அதிகாரி சிங்களத்தில் கேட்பதும் மோகனராஜ் பதில் சொல்வதும் தெளிவாகக் கேட்டன. கிழக்குப் பக்கத்துக் கடைசி வீடு காவலாளியின் மனைவி பெயருக்குத்தான் இருக்கிறது, அவ எங்கே என்றார் அதிகாரி. அவவால் வெளியே வர முடியாது, நாளைக்குத்தான் வரலாம் என்றான் மோகனராஜ். நாளைக்குத் தன்னால் வர முடியாது, வேண்டுமா வேண்டாமா என்று அவ வாயால் ஒரு சொல் வந்தால் போதும் என்றார் அவர். மேலே மாடியில் யாரோ கூரை ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேர், ஒரு நாள் பொறுக்க ஏலாதா? அக்கா வாயால கேக்காம..." என்று, நானாவுக்கும் உறைக்கட்டும் என்பதுபோல், மோகனராஜ் தமிழுக்கு மாறினான்.

"நான் கூடப்பொறந்த நானா" என்றார் மஹ்ரூப். "அவவுக்காக நான் சொல்றன். வேணாம். வேற ஆருக்கும் குடுங்க."

அப்படியென்றால் அடுத்த ஆள் யார் என்று அதிகாரி கேட்டார். பரிமளம் என்று மோகனராஜ் சொன்னான். பரிமளம் என்று இரண்டாம் முறை சற்று உரக்கக் கூப்பிட்டான். எங்கிருந்தோ செருப்பில்லாத கால்கள் ஈர மண்ணில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

அந்த ஓட்டத்தைக் கேட்டதும், தாழ்ப்பாளை இழுக்கப் போன ரபீகாவின் கை அதிலேயே நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள். கோயில் மண்டபத்தில் சேலைத் திரை. இவளுக்குத் திகனையில் ஓர் அறையாவது இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது? விட்டுக்கொடுத்துவிட்டால் எல்லாரும் ரபீகாவை நல்லவள் என்பார்கள். நானா என்பார், மச்சி என்பாள், பரிமளம் காலத்துக்கும் சொல்வாள். வாழ்க்கை முழுக்க நல்லவள் என்று பெயர் வாங்கியே அவள் சுவரோடு ஒதுங்கி நின்றிருக்கிறாள். தவறு செய்கிறோமா சரி செய்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வேணும் என்பது மட்டும் தெரிந்தது. அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

தகர மறைப்பைத் தாண்டி முற்றத்துக்கு வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. முதலில் பார்த்தவன் மோகனராஜ்தான். பார்த்த நொடியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். அவனைப் பார்த்து மண் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். லொறிச் சாரதி திரும்பினான். சாரக்கட்டில் நின்ற பூச்சுக்காரர்கள் இரண்டு பேரும் சாந்துக் கரண்டியோடு சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அதிகாரிக்கு ஒன்றும் விளங்காமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவரும் தலையைக் குனிந்துகொண்டார். முற்றம் முழுக்க முதுகுகள். ரபீகாவுக்கு நேரே முகம் காட்டி நின்றவர்கள் இரண்டு பேர்தான், நானாவும் பரிமளமும்.

"ரபீகா! உள்ளுக்குப் போ!" நானா பதறிப்போய்க் கைகளை விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து மறைத்தார். "ஒரு நாள்தானே! ஒரு நாள் ஒனக்குப் பொறுக்க ஏலாதா?"

"இத்தா நேத்து மஃரிபோட முடிஞ்சி நானா." நான்கு மாதமாக உரக்கப் பேசாத குரல் உடைந்து உடைந்து வந்தது. "அவர் ரஜப் தலைப்பிறையில மவுத்தானார். நோம்பும் இருவத்தொம்பது, ஷவ்வாலும் இருவத்தொம்பது. எண்ணிப் பாருங்க."

மஹ்ரூபின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஊர்ந்தது. உதடுகள் அசைந்தன. அவருடைய விரித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"நேத்தே முடிஞ்சா... ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல."

அவர் அடிபட்டவராக அவளைப் பார்த்தார். அவருக்காகவும் அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. தலை குனிந்து நின்ற அதிகாரியைப் பார்த்து, மூன்று வார்த்தைதான் சொன்னாள். "வீடு எனக்கு வேணும்." பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள். அதிகாரி தலையாட்டினார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மோகனராஜ் சுவரைப் பார்த்தபடியே, "சரிங்கக்கா" என்றான்.

நானா கேட்டுப் பக்கம் நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறாரா, வானை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லப் போகிறாரா தெரியவில்லை. அதிகாரியும் மோகனராஜும் அவளைப் பார்க்காமலே மறுபக்கத்தால் உள்ளே போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக, முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டில் நகர்ந்து கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அவளுக்கு இத்தா முடிந்துவிட்டது என்பதை அவர்களுடைய உடம்பு இன்னும் நம்பவில்லை.

பரிமளம் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கெண்டைக்கால் வரைக்கும் சேறு.

"புள்ள..." என்றாள் ரபீகா.

"ஒங்க வீடுதானேக்கா. எனக்கென்ன கோவம்." அவள் தலைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மண் இன்னும் பரவியது. "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன். அதுங்க போய் ஜன்னலுக்குக் கீழ நின்னு பாத்துட்டு வந்துச்சுங்க."

என்னோடு வந்து இரு என்று சொல்ல நினைத்தாள் ரபீகா. ஒரு வகுப்பறையின் பாதியில் நாலு பேர், அதற்குக் கந்தோர் விடுமா, இவள் வருவாளா, கொடுப்பதுபோல் சொல்லி இன்னொரு முறையும் ஆசை காட்டுவதா? வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

பரிமளம் அவளைக் கடந்துபோய், இடித்த கல் நிரம்பிய கூடைக்கருகில் குனிந்தாள். துணியைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கூடையைத் தலைக்குத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். முற்றத்தில் ஆண்கள் எவரும் இல்லை. ஒற்றையாகவே தூக்கப் பார்த்தாள், கூடை முழங்காலுக்கு மேல் வரவில்லை.

ரபீகா போனாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையின் மறு காதைப் பிடித்தாள். கல்லின் பாரம் அவளுடைய தோளைக் கீழே இழுத்தது. இவ்வளவு கனம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பரிமளம் கையை எடுக்கவில்லை, அவளைப் பார்க்கவுமில்லை. கூடை இரண்டு பேரின் நெஞ்சு உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றது. கூடையின் இடுக்கால் செங்கல் தூள் ஒழுகி, வெள்ளைச் சேலையிலும் சேற்றுக் கால்களிலும் விழுந்துகொண்டிருந்தது.